இரண்டு முனையும் ஒரே வரிசை

மகனே, நேற்று மத்தியானம் உன் முதலாளி நான் வேலை செய்யும் கந்தோருக்கு வந்து, உன்னைப் பெற்றவள் செத்துப்போய்விட்டாள் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். நானும் இழவு விசாரிக்க வந்தவள்போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். வேறு என்ன செய்வது? "அவள் சாகவில்லை ஐயா, உங்கள் முன்னால் கதிரையில் இருக்கிறாள்" என்று வாய் வரை வந்தது. உன் முகம் நினைவுக்கு வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவருடைய மகளைத்தான் நீ கட்டப்போகிறாய். கலியாணக் காட் இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லையாம். அதற்குள் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்று, எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகும் மேசையில் இருந்து எழுதுகிறேன். கையால்தான் எழுதுகிறேன். கொம்பியூட்டரில் அடித்தால் நீ போட்டுத் தந்த வயர் வழியாக அது யாருடைய திரையில் போய் நிற்குமோ என்று பயம். சிரிக்காதே. நான் கோபத்தில் இருக்கிறேன்.

உனக்குத் தெரியாத கதை என்னிடம் ஒன்றுமில்லை. தெரிந்ததை மறைக்கிறவனுக்கு ஒருமுறை எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். கலவரத்தில் தோட்டத்து லய வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது நீ கைக்குழந்தை. உன் அப்பாவின் வேட்டியில் உன்னைச் சுற்றிக்கொண்டு, தேயிலை மலையை விட்டு, வன்னி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் லொறியில் ஏறி வந்த சனம் நாங்கள். எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஜெயபுரத்தில் காட்டை வெட்டியது உன் அப்பா. யானைக்கும் நுளம்புக்கும் நடுவில் அந்த மண்ணை வயலாக்கியதும் அவர்தான். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததையும், பிறகு பழகிய தட்டெழுத்தையும் வைத்துக்கொண்டு கிளிநொச்சியில் வேலைக்குப் போனேன். உன்னையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். சேர்த்த கிழமையே வகுப்பில் உன்னிடம் "எந்த ஊர்?" என்று கேட்டார்கள். நீ ஜெயபுரம் என்றாய். "ஓ, தோட்டக்காட்டான்" என்றார்களாம். அன்றைக்கு நீ குசினியில் என் பக்கத்தில் வந்து குந்தி, அழுதுகொண்டு "அம்மா, நாம தோட்டக்காட்டாங்களா?" என்று கேட்டாய். சனிக்கிழமை ஜெயபுரத்துக்குப் போனதும் உன் அப்பாவிடமும் அதையே கேட்டாய். அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "ஆமாய்யா. இந்த நாட்டுல காலையில எந்திரிச்சதும் அத்தன பேரும் குடிக்கிற தேத்தண்ணி நாம குடுத்தது. யாராவது கேட்டா அதச் சொல்லு" என்றார். நீ சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவர்களுடைய பேச்சைப் பிடித்துக்கொண்டாய்.

அதில் எனக்குக் குறை இல்லை. ஒருநாள் நீ தட்டை நீட்டி "அம்மா, சோறு போடுங்கோ" என்றபோது உன் அப்பா புரையேறச் சிரித்தார். "புள்ள யாழ்ப்பாணத்து வாத்தியார் மாதிரியில்ல பேசுது!" என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னார். பெருமைதான். நானும் கந்தோரில் "ஓம்" என்கிறேன், "எண்டு" என்கிறேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் "ஆமா" வந்துவிடும். இருக்கிற இடத்தின் பேச்சைப் பேசிப் பிழைப்பது குற்றமென்றால் நாம் இப்போது வந்து பிழைக்கிற இந்த வவுனியாவில் பாதிப் பேர் குற்றவாளிகள். நான் பேச்சை மாற்றினேன். பெற்றவளை மாற்றவில்லை. தொண்ணூற்றாறில் சண்டை வந்து கிளிநொச்சியே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது உன் அப்பா காய்ச்சலில் விழுந்தார். மருந்து கிடைக்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் அவர் பேசியது முழுக்கத் தோட்டத்துப் பேச்சு. தன் அம்மாவைக் கூப்பிட்டார், மலையைக் கூப்பிட்டார், "பனி கொட்டுது, புள்ளய மூடு" என்றார். தலைமாட்டில் இருந்தவன் நீ. அதை எந்த ஊரில் கொண்டுபோய்ப் புதைத்தாய்?

சரி, அந்த சுவிட்ச் கதைக்கு வருகிறேன். எங்கள் கந்தோரில் கொம்பியூட்டர்களை எல்லாம் ஒன்றாக இணைக்க வேண்டும், இப்போது இருக்கிற பெட்டி சரியில்லை என்ற பேச்சு வந்தபோது, நீ வேலை செய்யும் கொம்பியூட்டர்க் கடையின் பெயரைச் சொன்னவள் நான்தான். நீ தனியாகச் செய்யப்போகிற முதல் வேலை அது. ஞாயிற்றுக்கிழமை கேபிள் சுருளையும் பிளக் அடிக்கும் குறட்டையும் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாய். ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு முனையில் முதலே பிளக் அடித்து வைத்துவிட்டால், மறு முனையைச் சுவரால் இழுத்து எடுத்து அங்கே வைத்து அடிக்கலாம் என்றாய். உறையை உரித்தால் உள்ளே எட்டு நூல்வயர், இரண்டு இரண்டாக முறுக்கி. அதைப் பிரித்து நிமிர்த்தி வரிசைப்படுத்த உன் தடித்த விரலுக்கு வரவில்லை. கொழுந்து கிள்ளிப் பழகிய விரல் எனக்கு. நீ நிறத்தைச் சொல்லச் சொல்ல நான் பிரித்துத் தந்தேன். பச்சை வரி, பச்சை, செம்மஞ்சள் வரி, நீலம், நீல வரி, செம்மஞ்சள், மண்ணிற வரி, மண்ணிறம். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அன்றைக்கு நீ சந்தோசமாக இருந்தாய், அதனால் நிறையப் பேசினாய். பழைய பெட்டியைப் பற்றிக் கேட்டேன். "ஹப்புக்கு அறிவில்லம்மா. ஒருத்தன் பேசுனா, அது யாருக்குன்னு பாக்காது. இருக்கிற எல்லார்கிட்டயும் கொண்டுபோயிக் கத்தும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசிட்டா முட்டிக்கும், மறுபடி மொதல்லருந்து பேசணும். அதான் ஒங்க கந்தோர்ல எல்லாம் ஆமையா நகருது" என்றாய். நீ புதிதாகப் போடப்போகிற சுவிட்ச் என்ற பெட்டி அப்படி இல்லையாம். யார் பேசுகிறார்கள், எந்த வாசலால் அந்தக் குரல் வருகிறது என்று கவனித்துக் கவனித்துப் பழகிக்கொள்ளுமாம். பிறகு ஒருவருக்கு வந்ததை அவருடைய வாசலில் மட்டும் கொண்டுபோய்க் கொடுக்குமாம். தெரியாத பெயர் வந்தால் மட்டும் எல்லா வாசலிலும் போய்த் தட்டுமாம். "எப்புடிடா ஒவ்வொண்ணயும் அடையாளம் கண்டுபிடிக்குது?" என்று கேட்டேன். கொம்பியூட்டரில் செருகும் அட்டைக்குச் செய்யும்போதே ஒரு நம்பர் எழுதி வருகிறது, உலகத்தில் எங்கே கொண்டுபோனாலும் அது அந்த நம்பர்தான் என்றாய். நாங்கள் கொடுக்கிற நம்பர் வேறு, அது இடம் மாறினால் மாறும், இது மாறாது என்றாய். சொல்லிக்கொண்டே பிளக்கை அமுக்கினாய். உன் வாயால் நீ என்ன சொல்கிறாய் என்று உனக்கே கேட்கவில்லைப் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாய். அந்த எட்டு நிறத்தையும் அடுக்குவதற்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வரிசை இரண்டு இருக்கிறதாம். ஒன்று பச்சையில் தொடங்கும், மற்றது செம்மஞ்சளில் தொடங்கும். நீ வகுப்பில் படித்தது பச்சை வரிசை, கடையில் உன் முதலாளி போடுவது செம்மஞ்சள் வரிசை. "இதுல எது நல்லதுடா?" என்று கேட்டேன். "ஒண்ணுக்கொண்ணு ஒசத்தி இல்லம்மா. எதப் போட்டாலும் வேல செய்யும். ஆனா ரெண்டு முனையும் ஒரே வரிசையா இருக்கணும். இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு போட்டா, பெட்டியில வெளக்கே எரியாது" என்றாய். ஒன்றுக்கொன்று உசத்தி இல்லை என்று நீ சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. என் பிள்ளை எவ்வளவு படித்துவிட்டான் என்று நினைத்தேன். மடைச்சி.

எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று, சேட்டுக் கையை மடித்துக்கொண்டு சொன்னாய்: "அம்மா, நாளைக்கு கந்தோர்ல என்னத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதீங்க. நான் முரசுமோட்டைன்னு கடையில சொல்லியிருக்கேன். அப்பா கமக்காரர்னு சொல்லியிருக்கேன்." முரசுமோட்டை நல்ல ஊர்தான். குளத்துத் தண்ணீர் பாயும் வயல், பரம்பரைக் காணி. கமக்காரர் என்றதும் பொய்யில்லை, உன் அப்பா வயலில் கமம்தான் செய்தார். நீ பொய்யை அளந்து, கிழியாத அளவுக்குத் தைத்திருந்தாய். "ஏன்யா?" என்று மட்டும் கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியாதும்மா" என்றாய். எனக்கா தெரியாது! ஆனாலும் சரி என்றேன். முதல் வேலை, பிள்ளை பயப்படுகிறான், ஒரு நாளைக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் வந்தாய். முதலாளியும் உன்னோடு வந்து கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ வேறு எந்த வரிசையில் அடிப்பாய்? மறு முனை எல்லாவற்றையும் செம்மஞ்சள் வரிசையில் அடித்தாய். முதல் முனை நம் வீட்டில் பச்சை வரிசையில் அடித்தது என்பதே உனக்கு நினைவில்லை. முதல் கேபிள் என் மேசைக்கு. செருகினாய், சுவிட்சில் விளக்கு எரியவில்லை. பிடுங்கிச் செருகினாய். எரியவில்லை. முதலாளி நாடியைத் தடவத் தொடங்கினார். கணக்குப் பகுதி அக்கா வேலையை விட்டுவிட்டு உன்னையே பார்த்தார். நீ மேசைக்குக் கீழே தவழ்ந்து போய், முனையைக் கையில் எடுத்துப் பார்த்ததும் விசயம் பிடிபட்டிருக்க வேண்டும். வியர்த்து ஊற்றி, கையை மட்டும் வெளியே நீட்டிச் சொன்னாய்: "அம்மா, அந்தக் கொறட்டக் கொஞ்சம் எடுங்க."

"எடுங்கோ" இல்லை, "எடுங்க." "அம்மா" என்றதில் ஒன்றுமில்லை, வயதான மனுசியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைசியில் அந்த ஓர் ஓகாரம் விழுந்துபோனதுதான் விசயம். பயம் வந்தால் யாருக்கும் வீட்டுப் பேச்சுத்தான் வரும். கணக்கு அக்காவுக்குப் பாம்புக் காது. "என்ன தம்பி, நீர் முரசுமோட்டை எண்டெல்லே சொன்னனீர்? இது மலைநாட்டுக் கதை மாதிரியெல்லே கிடக்கு" என்றார் சிரித்துக்கொண்டு. அவர் பகிடிக்குத்தான் கேட்டார். நீயும் பகிடியாக ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். மேசைக்குக் கீழிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாய்: "ஐயோ அக்கா, காலமையிலிருந்து இந்த அம்மாவோட கதைச்சுக் கதைச்சு இந்தத் தோட்டக்காட்டுப் பாஷை எனக்கும் ஒட்டிப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை, அது அப்போதே என் கண்ணில் பட்டது. நான் குறட்டை எடுத்து உன் கையில் தந்தேன். குசினியில் என் பக்கத்தில் குந்தி, எந்தச் சொல்லுக்காக நீ அழுதாயோ அந்தச் சொல்லை எடுத்து என் முகத்தில் எறிந்தாய். நீ வீட்டில் அடித்த பச்சை வரிசை முனையை வெட்டிவிட்டு முதலாளியின் வரிசையில் அடித்தாய், விளக்கு எரிந்தது, பச்சையாக, சின்னதாக. "நல்ல கெட்டிக்காரப் பொடியன்" என்று எல்லோரும் பாராட்டினார்கள். அன்றிரவு நீ வருவாய், வந்து ஒரு சொல் சொல்வாய் என்று கதவைப் பூட்டாமல் இருந்தேன். அந்தக் கிழமை வரவில்லை. பிறகு வந்தபோது ஒரு சோடிச் செருப்பு வாங்கி வந்தாய். அதை இன்னும் போடவில்லை.

இதற்குமேல் நேற்று நடந்தது. உன் முதலாளி சுவிட்ச் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். பார்த்தார், பிறகு என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் ஒளிக்கவில்லை. ஜெயபுரம், அதற்கு முதல் தோட்டம் என்றேன். "இடம்பெயர்ந்து வரேக்க ஜெயபுரத்தில ஒரு வீட்டிலதான் எங்கட குடும்பம் கொஞ்ச நாள் நிண்டது. தங்களுக்கே இல்லாத நேரத்திலயும் எங்களுக்குச் சோறு தந்த சனம்" என்றார். பிறகு கலியாணக் கதையைத் தொடங்கினார். பொடியனுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, இடப்பெயர்வில் இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்றார். "கலியாணத்துக்கு முன்னம் அந்த ஆத்மாக்களுக்குக் கோயில்ல மோட்ச அர்ச்சனை செய்ய வேணுமெண்டு தாயின்ர பேரும் நட்சத்திரமும் கேட்டனான். பாத்தால், அது உங்கட பேர் அம்மா. கந்தோர்ல உங்களைக் கூப்பிடேக்க கேட்டனான்தானே. அதே பேர். அதான் எனக்கு உங்களைக் கேக்கத் தோணிச்சு."

நட்சத்திரம் என்ன என்று கேட்டேன். சொன்னார். என் நட்சத்திரம்தான். ஊரை மாற்றினாய், பேச்சை மாற்றினாய், என்னைக் கொன்றும் போட்டாய். செத்தவளுக்கு வேறு ஒரு பெயர் வைக்க உனக்கு வாய் வரவில்லையா? அதைக் கேட்டபோது வந்தது அழுகையா ஆத்திரமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவர் கேட்க வந்தது இதுதான். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் தாயின் காலில் விழவேண்டும். அந்த இடம் வெறுமையாக இருக்கக்கூடாது, நீங்கள் வந்து தாய் ஸ்தானத்தில் நின்று ஆசீர்வதிக்க வேண்டும் என்றார். யோசித்துப் பார், உன் அம்மாவாக நடிக்க என்னைக் கூப்பிடுகிறார்! எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு, "ஐயா, நான் தாலி இழந்தவள்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. பிறகு சொன்னார்: "பெத்த தாய் எண்டால் எந்தக் கோலத்தில நிண்டாலும் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம் அம்மா. தாய் தாய்தான். பிறத்தி மனுசி எண்டேக்க எங்கட வீட்டுப் பெண்டுகள் ஒத்துக்கொள்ளாயினம். குறை நினையாதேங்கோ. சாப்பாட்டுக்குக் கட்டாயம் வரவேணும்." கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது உனக்கு விளங்கியிருக்கும். நான் பெற்ற தாயாக வந்தால் வெள்ளைச் சேலையோடும் அந்த இடத்தில் நிற்கலாம். பிறத்தியாளாக வந்தால் மண்டபத்தின் பின்வாசலில் வாழையிலைக்கு முன்னால்தான் எனக்கு இடம். உன் பொய் என் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை, என் காலடி மண்ணையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் மகளைத் தருவாரா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. ஜெயபுரத்தில் சோறு வாங்கிச் சாப்பிட்ட நன்றி வேறு, மகளைக் கொடுப்பது வேறு. நான் குழந்தைப்பிள்ளை இல்லை, அவரைத் தெய்வமாக்கி உனக்குக் கதை சொல்ல வரவில்லை. கலியாணம் குழம்பலாம், வேலையும் போகலாம். ஆனால் இதை யோசி. அந்தப் பிள்ளையோடு ஒரு வீட்டில் இருக்கப்போகிறாய். பல்வலி வரும், காய்ச்சல் வரும், கெட்ட கனவு காண்பாய், பிள்ளை பிறந்து, அது விழுந்தால் பதறுவாய். அப்போதெல்லாம் உன் வாயில் எந்தப் பேச்சு வரும் என்று ஒரு மேசைக்குக் கீழேயே கண்டுவிட்டோம். பக்கத்தில் படுத்திருப்பவளுக்குக் கேட்டுவிடக்கூடாதென்று ஆயுசு முழுக்க முழித்திருக்க முடியுமா உன்னால்? இது புருசனாகப் போகிறவனுக்குச் சொல்லும் புத்திமதி, தாய் என்ற முறையில் கேட்கவேண்டாம், ஒரு பெண் சொல்கிறாள் என்று கேள். பெண்ணுக்குத் தெரிந்த வறுமையோடு வாழலாம், தெரிந்த அவமானத்தோடும் வாழலாம். தன்னிடம் ஒளித்த ஒன்றோடு வாழ முடியாது. உன் அப்பா என்னிடம் ஒன்றையும் ஒளித்ததில்லை. அவருக்கு ஒளிக்க ஒன்றும் இருக்கவுமில்லை என்று நீ சொல்லலாம். சொல்.

நான் போய் உன் முதலாளியிடம் எதையும் சொல்லமாட்டேன். உன்னை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அதை நீ எனக்குச் செய்தாய் என்பதற்காக நான் உனக்குச் செய்யமாட்டேன். சொல்வதானால் நீயே சொல்லவேண்டும், காட் அச்சுக்குப் போவதற்கு முதல், அந்தப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு. சொல்லிவிட்டு வா. அவர்கள் உன்னை வேண்டாம் என்றாலும் வா, என் அறையில் இன்னொரு பாய் விரிக்க இடம் இருக்கிறது. வேண்டும் என்றால் நான் தலைக்குக் குளித்து உடுத்துக்கொண்டு வந்து நின்று, நீங்கள் இரண்டு பேரும் விழுந்தால் தூக்கி விடுவேன். சொல்லாமல் கட்டினாயானால், கோயிலில் என் பெயருக்கு மோட்ச அர்ச்சனையை ஒரு குறையும் இல்லாமல் செய். அதோடு என் கணக்கை முடித்துக்கொள். கலியாணச் சாப்பாட்டுக்கு நான் வரமாட்டேன்.